ஒரே அரசு, பத்து நாள் இடைவெளி, இரண்டு அவசரகாலம்

1948 ஜூன் 28, திங்கட்கிழமை. அன்றிரவு பிரிட்டிஷ் பிரதமர் கிளெமென்ட் அட்லி வானொலியில் பேசினார். லண்டன் துறைமுகத்தில் ஏறக்குறைய 19,000 பேர் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தார்கள். கப்பல்களில் வந்த உணவுப் பொருள்களை இறக்க ஆள் இல்லை. அன்று பகலில்தான் அரசு அவசரகாலத்தைப் பிரகடனம் செய்திருந்தது. ஆனாலும் பிரதமர் மைக்கின் முன் உட்கார்ந்து, தொழிலாளர்களிடம் நேரடியாகப் பேசினார். வேலைக்குத் திரும்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் கூடிய தொழிலாளர்கள், திரும்புவதென்று முடிவெடுத்தார்கள். லண்டனின் அவசரகாலம் ஏறக்குறைய பிறந்த மறுநாளே வேலையற்றுப் போனது.

அதற்குச் சரியாகப் பத்து நாள் முன்னால், ஜூன் 18, வெள்ளிக்கிழமை, அதே அரசின் ஆட்சியில் இருந்த மலாயா முழுவதற்கும் ஓர் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது முடிந்த நாள் 1960 ஜூலை 31. பன்னிரண்டு ஆண்டுகள்.

லண்டனுக்கு ஒரு நாள், நமக்குப் பன்னிரண்டு வருடம். இரண்டுக்கும் கையெழுத்திட்டது ஒரே கட்சியின் ஆட்சி. அதுவும் தொழிலாளர் பெயரில், தொழிலாளர் ஓட்டில் வந்த ஆட்சி.

‘மாற்று வரலாறு’ என்ற கதை வகை இன்று இளையவர்களிடம் பிரபலம். ஹிட்லர் வென்றிருந்தால்? போருக்குப் பிறகு பிரிட்டனில் வேறொருவர் பிரதமராகி, வேலைநிறுத்தமும் பணமுடையும் அவரைக் கவிழ்த்திருந்தால்? பிரிட்டிஷ் ரசிகர்களுக்கு அது பொழுதுபோக்கு. பினாங்கில் உட்கார்ந்து பார்க்கும் நமக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரி. அந்த அமைச்சரவையின் பணமுடை நம் தாத்தா பாட்டிகளின் சம்பளப் புத்தகத்தில் வந்து விழுந்தது. நடந்தது என்ன என்று முதலில் தெரிந்துகொண்டால்தான், வேறு மாதிரி நடந்திருக்குமா என்று கேட்க முடியும்.

வெற்றி கிடைத்தது, பணம் இல்லை

1945 ஜூலை 26 அன்று வெளியான தேர்தல் முடிவில், போரை வென்று தந்த சர்ச்சிலை மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தொழிற்கட்சிக்கு 393 இடங்கள். எல்லாருக்கும் மருத்துவம், எல்லாருக்கும் வேலை, வீடு என்பது வாக்குறுதி. அமைச்சரவையில் இருந்தவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவின் துறைமுகத் தொழிலாளர்களுக்காக வாதாடிப் பெயர் வாங்கிய தொழிற்சங்கத் தலைவர். 1946 அக்டோபரில் காலனி நாடுகளின் அமைச்சரான ஆர்தர் கிரீச் ஜோன்ஸும் தொழிற்சங்கத்தில் வேலை பார்த்தவர்.

ஆனால் பெட்டி காலி. ஆகஸ்ட் மாதமே அமெரிக்கா போர்க்கால உதவியை நிறுத்திவிட்டது. பிரிட்டன் 375 கோடி டாலர் கடன் வாங்கியது. அந்தக் கடனின் கடைசித் தவணை கட்டி முடிந்தது 2006 டிசம்பரில்தான் என்றால் பாரம் புரியும். போர்க்காலத்தில்கூட ரேஷனுக்கு வராத ரொட்டி, 1946 ஜூலையில் ரேஷனுக்கு வந்தது. 1947 குளிர்காலத்தில் நிலக்கரி தட்டுப்பட்டு ஆலைகள் மூடின. அதே ஆண்டு ஜூலை 15 அன்று, கடன் ஒப்பந்தத்தின்படி பவுண்டை விருப்பம்போல் டாலராக மாற்றிக்கொள்ள அனுமதித்தார்கள். ஆளாளுக்கு டாலரை அள்ளிக்கொண்டு போக, ஐந்தே வாரத்தில், ஆகஸ்ட் 20 அன்று, கதவை மூட வேண்டியதாயிற்று. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலருக்கு இறக்கினார்கள்.

லண்டனுக்கு அப்போது தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. டாலர்.

டாலர் கறந்த பால்மரம்

டாலர் எங்கே கிடைக்கும்? அமெரிக்காவுக்கு எதையாவது விற்றால் கிடைக்கும். பிரிட்டனின் ஆலைகள் விற்றதைவிட எளிதாக விற்ற பொருள்கள் இரண்டு நம்மிடம் இருந்தன. ரப்பர், ஈயம். காலனி நாடுகளிலேயே அதிக டாலர் சம்பாதித்துக் கொடுத்தது மலாயா. அந்த டாலர் மலாயாவின் கையில் நிற்கவில்லை. லண்டனில் இருந்த பொதுக் கணக்குக்குப் போனது. அதிலிருந்து எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை லண்டன் முடிவு செய்தது.

இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் இருக்கும் டத்தோ கிராமாட் சாலை வளாகத்துக்கு வார இறுதியில் போகிறோம். அந்த இடத்தில்தான் ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் கம்பெனியின் ஈய உருக்காலை இருந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய மணல் இங்கே வந்து, கட்டியாகிக் கப்பலேறியது. கெடா தோட்டங்களின் ரப்பர் ஷீட்டும் பினாங்குத் துறைமுகத்தைப் பார்த்தே வந்தது. தோங்காங்கில் ஏற்றியவர்களிலும் கிடங்கில் அடுக்கியவர்களிலும் தமிழர்கள் நிறையப் பேர். பால் மரத்தடியில் தொடங்கி கப்பல் வரைக்கும் நம் ஆட்களின் கை பட்டே அந்த டாலர் பிறந்தது.

அந்தக் கைகளின் நிலைமை என்ன? 1945 செப்டம்பர் 3 அன்று பிரிட்டிஷ் படை பினாங்கில் இறங்கியது. ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமரத்து நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். மூன்றரை வருடச் சேமிப்பு ஒரே நாளில் வெறும் காகிதம். சயாம் மரண ரயிலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. திரும்பியவர்கள் எலும்பும் தோலுமாக வந்தார்கள். அரிசி ரேஷனில், கிடைத்தால் பாக்கியம். கிடைக்காத நாளில் மரவள்ளிக்கிழங்கு. கள்ளச்சந்தை அவ்வளவு கொழுத்ததால், அப்போதைய ராணுவ நிர்வாகத்தின் பெயரின் மூன்று எழுத்துக்கு ‘பிளாக் மார்க்கெட் நிர்வாகம்’ என்றே ஜனங்கள் விரிவுரை சொன்னார்கள்.

சம்பளம்? போருக்கு முன் தோட்டத்தில் இந்தியத் தொழிலாளியின் நாள் கூலி 50 காசு என்ற கணக்கு. சீனத் தொழிலாளிக்கு அதைவிட அதிகம். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் நம் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றில் ஒன்று சமக் கூலி. இன்னொன்று, வெள்ளைக்காரத் துரை எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். படை சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அது சர்ச்சில் காலம். தொழிற்கட்சி ஆட்சியில் நிலைமை மாறும் என்று எதிர்பார்த்தது நியாயம்தானே?

கள்ளுக்கடை முன்னால்

கொஞ்சம் மாறவும் செய்தது. தொழிற்சங்கங்கள் பதிவு செய்ய வழி திறந்தது. ரயில்வே தொழிற்சங்கத்தில் இருந்த ஜான் பிரேசியர் என்பவரை மலாயாவுக்குத் தொழிற்சங்க ஆலோசகராக லண்டன் அனுப்பியது. சங்கங்கள் மழைக்காளான்போல முளைத்தன.

பினாங்கிலிருந்து கடலைக் கடந்தால் கெடா. பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் இளைஞர்களைச் சேர்த்துத் ‘தொண்டர் படை’ கண்டார். முதல் எதிரி, கள்ளு. சம்பள நாளன்று கூலி அப்படியே கள்ளுக்கடைக்குள் போவதைத் தடுக்க வேண்டும் என்று இளைஞர்கள் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். அணிவகுத்து நடந்தார்கள். தோட்ட நிர்வாகத்தின் கண்ணுக்கு இது தனிப்படையாகத் தெரிந்தது. தொண்டர் படை சில சமயம் சொந்த ஆட்களையே மிரட்டிப் பணிய வைத்தது என்ற குற்றச்சாட்டும் இருந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குனிந்தே பழகிய ஒரு கூட்டம் நிமிர்ந்து நடந்து பார்த்த முதல் தருணங்களில் அதுவும் ஒன்று.

1947 பிப்ரவரி இறுதியில் பீடோங் கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்டவர்களோடு போலீஸ் மோதியது. ஒரு தொழிலாளி இறந்தார். மார்ச்சில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் இன்னொரு உயிர். ஏப்ரலில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் 60க்கும் மேற்பட்டவர்கள் கைதாகிச் சிறைக்குப் போனார்கள். மே மாதம், ரப்பர் விலை இறங்கியதைக் காரணம் காட்டி, குத்தகைக்குப் பால் வெட்டுபவர்களின் கூலியில் 20 விழுக்காட்டை முதலாளிகள் குறைத்தார்கள். அரிசி விலை இறங்கவில்லை. கூலி மட்டும் இறங்கியது. அந்த ஆண்டு மலாயாவில் ஏறக்குறைய 300 வேலைநிறுத்தங்கள்.

அதே 1947இல் லண்டன் துறைமுகத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது தெரியுமா? கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி என்ற பழைய முறையை ஒழித்து, வேலை இல்லாத நாளுக்கும் குறைந்தபட்சத் தொகையை உறுதி செய்யும் திட்டம். நல்ல திட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தத் தொழிலாளி இறக்கிய மூட்டையில் கெடா ரப்பரும் இருந்திருக்கும் என்பதை மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

தஞ்சாவூர்க்காரர் தலைமையில் எல்லா இனமும்

அப்போது தொழிலாளர்களின் பெரிய கூரை, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம். 1947இல் உறுப்பினர்கள் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல். சீனர்கள் அதிகம் இருந்த அந்த அமைப்புக்கு அந்த ஆண்டு தலைவரானவர் ஒரு தமிழர். தஞ்சை தம்பிக்கோட்டையில் பிறந்து, சிறுவனாகச் சிங்கப்பூர் வந்து, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த எஸ்.ஏ. கணபதி. இன்று யோசித்துப் பாருங்கள். நாடு தழுவிய ஓர் அமைப்பில் பெரும்பான்மை சீனத் தொழிலாளர்கள் ஒரு தமிழரைத் தலைவராக ஏற்றிருக்கிறார்கள்.

சம்மேளனத்துக்குப் பின்னால் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சி இருந்தது, அது ரகசியமில்லை. கட்சியின் வேகமும் கூலியாளின் வயிற்றுப்பசியும் ஒன்றாகக் கலந்திருந்தன. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை அரசுக்கு இல்லை. பிரித்துக் காட்டும் அவசியம் கட்சிக்கும் இல்லை.

அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. கடைகள் மூடின, வேலை நின்றது. ஹர்த்தால் என்ற சொல்லும் முறையும் இந்தியச் சுதந்திரப் போராட்டத்திலிருந்து வந்தவை. டான் செங் லொக் தலைமையிலான கூட்டமைப்பும் புத்ரா என்ற மலாய் அமைப்புகளின் கூட்டணியும் சேர்ந்து எழுதிய மக்கள் அரசியல் சட்டம் அதன் பின்னணி. ஜான் திவியின் ம.இ.கா.வும் அந்தக் கூட்டமைப்பில் இருந்தது. எல்லாருக்கும் சமக் குடியுரிமை, அந்தக் குடிமக்கள் அனைவருக்கும் ‘மெலாயு’ என்ற ஒரே பெயர், மலாய் அதிகாரமொழி என்று அதில் எழுதியிருந்தார்கள். லண்டன் அதைக் காதில் வாங்கவில்லை. 1948 பிப்ரவரி 1 அன்று வேறொரு ஏற்பாட்டில் மலாயா கூட்டரசு அமைந்தது.

மூன்று வார ஜூன்

1948 ஜூன் நடுவில் சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே சம்மேளனமாகச் சேரலாம். பொறுப்பில் இருப்பவர் அந்தத் தொழிலில் மூன்று வருடமாவது வேலை செய்திருக்க வேண்டும். தோட்டம், துறைமுகம், ஈயம், பேருந்து என்று எல்லாரையும் ஒரே கூரையில் சேர்த்த சம்மேளனத்துக்குப் பதிவு மறுக்கப்பட்டது. கட்சியும் அந்த வசந்தத்திலேயே ஆயுதத்தின் பக்கம் திரும்பியிருந்தது. ஜூன் 16 அன்று பேராக் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து நாடெங்கும் அவசரகாலம்.

லண்டன் அவசரகாலம் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்தது. அந்தச் சட்டத்திலேயே ஒரு வேலி உண்டு: வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்வதைக் குற்றமாக்கும் விதி எதையும் போடக் கூடாது. மலாயா விதிகளில் அப்படி ஒரு வேலி இல்லை. விசாரணை இல்லாமல் சிறை, நாடு கடத்தல், ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு. வேலி என்றால் இங்கே முள்வேலிதான். தோட்ட லயங்களைச் சுற்றியும் அது வந்தது. ‘போர்’ என்று சொல்லாமல் ‘அவசரகாலம்’ என்று சொன்னதற்கும் பணக்காரணம் உண்டு என்பார்கள்: போர் என்றால் லண்டன் இன்சூரன்ஸ் கம்பெனிகள் தோட்டங்களுக்கு இழப்பீடு தராது.

ஜூலை 5 அன்று பிரிட்டனில் இலவச மருத்துவச் சேவை தொடங்கியது. அட்லி அரசின் மகுடம் அது. இன்றும் அவர்களின் பெருமை. மலாயா அவசரகாலம், லண்டன் அவசரகாலம், இலவச மருத்துவம். மூன்றும் மூன்று வாரத்துக்குள், ஒரே அரசின் கையால்.

1949 மார்ச்சில் கணபதி ராவாங் அருகே பிடிபட்டார். குற்றச்சாட்டு, கைத்துப்பாக்கி வைத்திருந்தது. இந்திய அரசு தண்டனையைக் குறைக்கக் கேட்டும் பயனில்லை. மே 4 அன்று கோலாலம்பூர் பூடு சிறையில் தூக்கிலிட்டார்கள். தொழிலாளர் தினம் முடிந்து மூன்றே நாள். அதற்கு முந்தைய நாள், அவருக்குப் பின் சம்மேளனத்தில் முன்னணியில் நின்ற பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவசரகாலம் முடிவதற்குள் இரு தரப்பிலும் பொதுமக்களிலுமாக இறந்தவர்கள் 10,000க்கும் மேல்.

ஒருவேளை…

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். வேறு மாதிரி நடந்திருக்குமா?

அமெரிக்கா போர்க்கால உதவியை அவ்வளவு சட்டென்று நிறுத்தாமல் இருந்திருந்தால், லண்டனுக்கு டாலர் வெறி குறைந்திருக்கும். ரப்பர் தோட்டத்தில் ஒரு நாள் வேலை நின்றால் தன் ரொட்டி போய்விடும் என்ற பயம் இருந்திருக்காது. அப்போது பிரேசியர் போன்றவர்களுக்கு இன்னும் கொஞ்ச அவகாசம் கிடைத்திருக்கலாம். மக்கள் அரசியல் சட்டத்தை வைத்து உட்கார்ந்து பேசியிருந்தால், தொழிலால் ஒன்று சேர்ந்த மக்கள் இனத்தால் பிரிந்த கட்சிகளுக்குள் போய் அடைபடாமல் இருந்திருக்கலாம்.

அதே சமயம் எல்லாம் அழகாக முடிந்திருக்கும் என்று சொன்னால் அது கதை. கட்சி காட்டுக்குள் போகத் தயாராகவே இருந்தது. பனிப்போர் தொடங்கிவிட்டது. அட்லியின் இடத்தில் சர்ச்சில் இருந்திருந்தால் இன்னும் கடுமையாகவே நடந்திருக்கும் என்பது என் எண்ணம். இருந்தும் ஒன்று என்னை உறுத்துகிறது. சொந்த ஊர்த் தொழிலாளியிடம் ‘பேசிப் பார்க்கலாம்’ என்று தோன்றிய அதே மனிதர்களுக்கு, கடல் கடந்த தொழிலாளியிடம் அது தோன்றவில்லை. டாலர் கணக்கு மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. அவர்கள் கண்ணில் லண்டன் தொழிலாளி கோபப்பட்ட வாக்காளர். நம் ஆள் ஓட்டு இல்லாத கூலி. ஓட்டுக்கும் சங்கத்துக்கும் என்ன மதிப்பு என்று கேட்கும் இளைஞர்களுக்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரியவில்லை.

சங்கம் அழிந்துவிடவில்லை. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் அமைந்தது. அதன் பி.பி. நாராயணன் பின்னாளில் உலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்கே தலைவரானார். ஆனால் அது அரசு விரும்பிய எல்லைக்குள், தொழில்வாரியாகப் பிரிந்து வளர்ந்த மரம். 1947இல் இருந்த அந்தப் பெரிய கூரை பிறகு வரவே இல்லை.

சில மாதங்களுக்கு முன் பழைய தோட்ட வாழ்க்கை பற்றி நிகழ்ச்சியில் பேசிக்கொண்டிருந்தபோது, சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு பாட்டி அழைத்தார். எண்பதைத் தாண்டியவர். அப்பா ஜப்பான் நோட்டைக் கட்டுக்கட்டாக அடுப்பில் போட்டு எரித்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு குரல் இறங்கியது. “ஒரு நாள் ராத்திரியோட ராத்திரியா சாமான கட்டிக்கிட்டு வேற தோட்டத்துக்குப் போனோம் தம்பி. ஏன்னு அப்பா சாகற வரைக்கும் சொல்லல. சங்கம்ங்கற வார்த்தைய வீட்டுல சொல்லக் கூடாது.”

நம் வீடுகள் பலவற்றில் அந்த மௌனம் இன்னும் இருக்கிறது. தாத்தா ஏன் ஊர் மாறினார், சித்தப்பா ஏன் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டார், யாருடைய புகைப்படம் ஏன் கிழிக்கப்பட்டது. பயத்தில் மூடிய வாய் பழக்கத்தில் மூடியே இருந்துவிட்டது. அன்று எட்டுப் பத்து வயதில் இருந்தவர்கள் இன்று எண்பதுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறகு கேட்க ஆள் இல்லை.

இந்த வாரக் கடைசியில் வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால், கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்தி முன்னால் வையுங்கள். “பாட்டி, அவசரகாலத்துல நீங்க எங்க இருந்தீங்க?” என்று கேளுங்கள். அவர் பேசத் தொடங்கினால் இடையில் குறுக்கிடாதீர்கள்.